கண் உயரம்

முப்பத்தோரு நோட்டுப் புத்தகங்கள்.
கூக்கால் சோலையோரம் ஒரு கம்பி வலை,
வலையில் வந்து முட்டும் மஞ்சு,
மஞ்சு உதிர்க்கும் சொட்டு,
சொட்டெல்லாம் சேரும் கண்ணாடிக் குழாய்.
மழை பெய்யாத நாளிலும்
காடு எவ்வளவு குடிக்கிறதென்று
காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுதியவர்
முனைவர் பெர்னதெத்.
நான் அதையெல்லாம் கணினியில் ஏற்றும் கூலி.
பக்கத்துக்கு ஆறு ரூபாய்.

எட்டு வருடம் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது.
பிறகு ஏழுகள் சாய்கின்றன.
ஒன்பதின் தலை மூடாமல் திறந்தே கிடக்கிறது.
நரம்பில் வந்த நோயின் பெயரை
அவர் எங்கும் எழுதவில்லை.
ஓரத்தில் மட்டும்:
"இன்று முதல் தடித்த பென்சில்."
"இன்று முதல் ஊன்றுகோல்.
வாசிப்பு நேரம் 8.09 எனக் கொள்க."

மென்பொருள் ஒரு சிவப்புக் கோடு போட்டது,
1998 ஜூன் பதினைந்தில்.
அன்றைக்கு ஒரு படி கீழே இறங்கிய காடு
திரும்ப ஏறவே இல்லை.
மேலதிகாரி திரையைத் தட்டினார்.
"அந்தம்மாவுக்கு முடியாமப் போன வருஷம்.
அதுக்கப்புறம் உள்ளதை வெட்டிரு."
பதினெட்டு வருடம்.
ஒரு விரல் போதும் அழிக்க.

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.
பதிமூன்றாம் நோட்டின் பின்னட்டை, உள்பக்கம்,
யாரோ ஒட்டிவைத்த பூண்டு மூட்டை ரசீதுக்குக் கீழே:

"25.7.98. ஜூன் 15 முதல் நாற்காலியிலிருந்து வாசிக்கிறேன்.
நின்றபோது என் கண் உயரம் 146 செ.மீ. இப்போது 112.
குழாயைக் கீழிருந்து பார்ப்பதால்
நீர்மட்டம் குறைவாகத் தெரியும்.
குறைந்தது நீரல்ல.
ஜீப் ஓட்டும் சிக்கந்தரை 146க்குக் குனியவைத்து
நாற்பது நாள் ஒப்பிட்டேன். அவருக்கு முதுகுவலி.
கூட்டுக: 0.6 மி.மீ.
கம்பத்தைத் தாழ்த்தக் கேட்டு எழுதியிருக்கிறேன்.
தாழ்த்தியதும் இந்தத் திருத்தத்தை நிறுத்துக."

நிறுத்தச் சொல்லும் வரி
மிச்ச நோட்டுகள் எதிலும் இல்லை.

கடிதக் கோப்பையும் புரட்டினேன்.
அலுவலக வாசலுக்குப் பதினோரு படி.
சாய்தளம் வேண்டி ஒன்பது கடிதம்.
ஒரு மே மாதம் சாய்தளம் வந்தது,
மலர்க் கண்காட்சித் தொட்டிகளை உருட்டி ஏற்ற.
பத்தாம் கடிதத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்,
தொட்டிகளுக்கு.

0.6 கூட்டினேன்.
படி மறைந்தது.
படி மறைந்த இடத்தில்
அதுவரை கண்ணில் படாத ஒன்று:
முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரை
மெல்ல மெல்ல, மிக மெல்ல,
ஒரு சரிவு.
அவர் நடந்த வருடங்களிலும் அதே சாய்மானம்,
உட்கார்ந்த வருடங்களிலும் அதே.
மஞ்சு நிஜமாகவே மெலிந்துகொண்டிருந்தது.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கம்.
எழுத்து அல்ல அது, எழுத்தின் நடுக்கம்.
பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்:
"முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
கையை, கண்ணை, நாற்காலியை, சக்கரத்தின் காற்றை.
எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாயிற்று.
இந்தச் சரிவு என்னுடையதல்ல."

மேலதிகாரி நீண்ட நேரம் பார்த்தார்.
"சரி, வெட்டாதே" என்றார்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த பக்கத்துக்கும் ஆறு ரூபாய்தான்.

மறுநாள் காலைப் பேருந்தில் கூக்கால் போனேன்.
வலையில் இரண்டு கண்ணி அறுந்திருந்தது.
கம்பத்தின் அடியில் புல் முளைக்காத இரண்டு தடம்,
ஒரு நாற்காலி அகலத்துக்கு.
செருப்புக்குள் அட்டை ஏறியது.
சோலை மூச்சு விட்டது, குழாயில் ஒரு சொட்டு விழுந்தது.
முதுகை நிமிர்த்தி, பிழையே இல்லாதவன்போல்,
நீர்மட்டம் பார்த்தேன்.

பிறகு அளவுநாடாவை எடுத்தேன்.
முப்பத்திரண்டாம் நோட்டு, முதல் பக்கம்:
வாசித்தவன் நான்.
கண் உயரம் 163.
மேலிருந்து பார்க்கிறேன்,
உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.
கழிக்க: 0.3.